முதல் பரிசு பெற்ற தோல்வி

"நம்ம யூனிட்ல இன்னும் ஒருத்தர்கூடத் தோக்கலையாம். டெல்லியில வருத்தப்படறாங்க."

சனத்நகர் சிக்னலில் கம்பெனி பஸ் நின்றபோது முன்சீட்டில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. உண்மைதான். நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்காகப் புதுமைச் சூழலை வலுப்படுத்துமாறு எங்கள் தொழிற்சாலைக்கு டெல்லியிலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஸ்டோர் ரூமைக் காலி செய்து பீன் பேக் போட்டார்கள். சுவரில் 'தோல்வியைக் கொண்டாடுவோம்' என்று எழுதினார்கள். பீன் பேக்கில் அமர்ந்து அந்த அறையைத் திறந்துவைத்த பொது மேலாளர் ஜகதீசனை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிட வேண்டியிருந்தது.

இன்ஜினியர் கல்பகம் மேடம் ஒரு கருவி செய்திருந்தார். மேலிருந்து இறங்கித் தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷினுக்குள் கை போனால் மெஷின் நின்றுவிடும். போன மாதம் ஒருவருக்கு விரல் போனதிலிருந்து மேடத்துக்கு இதே நினைப்பு. பொருத்துவதற்கு ஜகதீசன் தலைமையிலான புதுமைக் குழு அனுமதிக்க வேண்டும்.

"எத்தனை தடவை தோத்தது?" என்றார் ஜகதீசன்.

"தோக்கலை சார். முதல் தடவையே வேலை செஞ்சுது."

"அப்போ அது புதுமை இல்லம்மா, சாதாரண வேலை. தோக்காத கருவியைப் பரிசீலிக்க விதியில இடமில்லை. ஒரே ஒரு தடவை தோத்துக் காட்டுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

மேடம் கருவியின் வயரைப் பிடுங்கிவிட்டு மெஷினுக்குள் ஒரு சுரைக்காயை நீட்டினார். சுரைக்காய் கூழானது. குழு எழுந்து நின்று கைதட்டியது. முதல் பரிசு. எல்லா மெஷினிலும் பொருத்த அனுமதி. ஆனால் குழு பார்த்தது பார்த்தபடியே, வயர் இல்லாமல்.

"வயர் இல்லாம எதுக்கு சார்?"

"வயர் இருந்தா அது வேற கருவி. பரிசு, அனுமதி ரெண்டும் ரத்து."

பொருத்திய பிறகு சத்தமில்லாமல் செருகிவிடலாம் என்ற நினைப்பில் மேடம் தலையாட்டினார்.

விழாவுக்குக் கம்பெனி டைரக்டர் வந்தார். கேடயத்தை மேடத்திடம் கொடுத்துவிட்டு, போட்டோவுக்காக ஓடும் மெஷினுக்குள் கை வைக்கப் போனார். ஜகதீசன் பாய்ந்து அவர் காதில் ஏதோ சொன்னார். டைரக்டர் கையை இழுத்துக்கொண்டார்.

"இது தொழிலாளிக்கான கருவி. முதல் மரியாதை அவருக்குத்தான்" என்றார் டைரக்டர்.

மெஷின் ஓட்டும் புருஷோத்தமன் பின்வாங்கினார். "நக்கோ சார், வேண்டாம். நான் அந்தச் சுரைக்காயைப் பார்த்தவன்."

"நாட்டுக்காக, புருஷோத்தமன்!" என்றார் ஜகதீசன். நாங்கள் எல்லோரும் கைதட்டி உற்சாகப்படுத்தினோம். போட்டோக்காரர், "இன்னும் கொஞ்சம் உள்ளே" என்றார்.

கல்பகம் மேடம் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்கக் குனிந்து வயரைச் செருகினார். அவர் முகத்தைப் பார்த்தபடி புருஷோத்தமன் கையை நீட்டினார். இறங்கி வந்த மெஷின் பாதியில் நின்றது.

கைதட்டலும் நின்றது. ஜகதீசன் மேடத்தின் அருகே போய், கேடயத்தை உருவிக்கொண்டார்.