அருள் பாயும் கிரைண்டர்

வெள்ளிக்கிழமையானால் காஞ்சிபுரத்தில் கூட்டம் கோயிலுக்குப் போகும் என்று நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். விவரம் தெரிந்தவர்கள் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு திருப்பருத்திக்குன்றம் போகும் சாலையில் இருந்த ஒரு பழைய கிடங்குக்குப் போனார்கள். ஷேர் ஆட்டோவில் மிக்ஸியை சீட்டில் உட்காரவைத்துவிட்டு, தாங்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் மீன்பாடி வண்டியில் ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்து மாலையும் போட்டுக் கொண்டுவந்தார். எதிரே வந்தவர்கள் சாவு ஊர்வலம் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கிடங்கின் வாசலில் பெரிய பேனர்: 'சமையலறை சக்தி பீடம்'. உள்ளே சக்தி சித்தர் தணிகாசலனார். காவி வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், நெற்றி நிறையக் குங்குமம், ஜிப்பா பையில் இரண்டு போன். வீட்டுச் சாமான்களில் அம்மன் குடியிருக்கிறாளா இல்லையா என்று தொட்டுப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. குடியிருக்காத சாமானை அவரே பெரிய மனது பண்ணி வாங்கிக்கொள்வார். குடியிருக்கும் சாமானை அவரே விற்பார். எவ்வளவு வசதி பாருங்கள்!

பிள்ளையார்பாளையம் நீலாம்பாளை ஏமாளி என்று சொன்னால் அந்தத் தெருவே சிரிக்கும். ஜரிகையை நகத்தால் சுரண்டியே அசலா போலியா என்று சொல்லிவிடுவார். கத்திரிக்காயைக் காம்பு வரைக்கும் திருப்பிப் பார்த்துத்தான் கூடையில் போடுவார். அப்பேர்ப்பட்டவர் தன் மருமகள் கலைவாணியின் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையில் போய் நின்றார். காரணம் பக்கத்து வீட்டு மஹாலட்சுமி. மிக்ஸியைச் சித்தரிடம் மாற்றிய கையோடு அவர் மகனுக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதாம். பையன் கண்விழித்துப் படித்த டிப்ளமாவுக்கும் அந்த வேலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எல்லாம் மிக்ஸி செய்த வேலை!

நீலாம்பாள் வீட்டிலோ மகன் குமாரவேல் நெய்த முகூர்த்தப் புடவையை முதலாளி குறை சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்.

"ஈரத் தரையில வெறுங்காலோட நில்லு மகளே. மிக்ஸியத் தொடு. இன்னா தெரியுது?" என்றார் சித்தர்.

"ஒண்ணும் தெரியலியே சாமி."

"தெரியாது. இது பொணம். எங்கேர்ந்து வந்துது?"

"மருமவ அம்மா வீட்டுச் சீரு, சாமி."

"அதான பார்த்தேன்" என்றார் சித்தர். மருமகள் என்ற சொல் காதில் விழுந்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. பக்கத்தில் பளபளவென்று இருந்த ஸ்டீல் கிரைண்டரைக் காட்டினார். "இப்ப இதத் தொடு."

நீலாம்பாள் தொட்டார். விரல் நுனியில் சுருக்கென்றது. எறும்புக் கூட்டம் ஊர்வதுபோல முழங்கை வரைக்கும் ஏறியது.

"தாயே!" என்று அலறினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கிரைண்டர் செய்கிறவர்கள் இந்தச் சுருக் வரக்கூடாது என்பதற்காகத்தான் ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இங்கே அதற்குக் கற்பூரம் காட்டினார்கள்.

விற்கும் முன் சித்தர் ஒரு சடங்கு செய்தார். ப்ளக்கின் மேலே தடியாக இருந்த மூன்றாவது பின்னைக் கட்டிங் பிளேயரால் கடித்துத் துண்டாக்கினார். "இதான் எமன். அம்மா சக்திய மண்ணுக்குள்ள இஸ்துக்கினு போயிடும்" என்றார். அந்த மனிதர் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுதான். கசியும் கரண்டை மண்ணுக்குள் இழுத்துப்போய் ஆளைப் பிழைக்கவைக்கத்தான் அந்தப் பின்னை வைத்திருக்கிறார்கள்.

மிக்ஸி போனது. கிரைண்டர் வீட்டுக்கு வந்தது.

மாவு அரைக்கப் போன கலைவாணி அன்றைக்கே கையை உதறிக்கொண்டு வந்தாள். "அத்தை, இது ஷாக் அடிக்குது."

"வாயக் கழுவு. அது அருளு."

"அருளா இருந்தா நீங்களே அரைங்க. எனக்கு வாணாம்."

அந்த வாரம் பூராவும் நீலாம்பாளே அரைத்தார். கை சுருக்கென்னும்போதெல்லாம் ஒரு கும்பிடு போட்டார். ஒரு நாள் மத்தியானம் தறியிலிருந்து எழுந்து வந்த குமாரவேல் கைகால் கழுவிவிட்டு, ஈரத்தோடு ஒரு கையால் குழாயைத் திருகிக்கொண்டே மறுகையால் கிரைண்டரை நகர்த்தினான். அன்றைக்கு அருள் கொஞ்சம் அதிகமாகவே பாய்ந்தது. ஆள் பறந்து போய்ச் சுவரில் மோதி விழுந்தான். நீலாம்பாள் ஓடிவந்தபோது மகனுக்குப் பேச்சு வரவில்லை. தறியில் நாடா வீசி நெய்கிற வலது கை மணிக்கட்டு மடங்கித் தொங்கியது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டர், "உயிர் பிழைச்சதே பெருசு. முதல்ல அந்த மெஷினை செக் பண்ணுங்க" என்றார். நீலாம்பாள் செக் பண்ணத்தான் போனார். யாரிடம்? சித்தரிடம்!

சித்தர் கண்ணை மூடினார். திறந்தார். "வீட்ல யாரோ அம்மாவச் சந்தேகப்பட்டிருக்காங்க."

நீலாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மருமவதான் சாமி. ஷாக்குன்னு சொன்னா."

"வர்ற வெள்ளிக்கிழம இஸ்துக்கினு வா. ஈரப் புடவையோட பீடத்துப் பெரிய கிரைண்டரக் கட்டிப் புடிச்சி மன்னிப்புக் கேக்கணும். இல்லாட்டி உம் புள்ள கை எழும்பாது."

வெள்ளிக்கிழமை கிடங்கு நிரம்பி வழிந்தது. ஒரு பெண் ஈரப் புடவையோடு மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்றால் நம் ஜனம் சும்மா இருக்குமா? செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது. சித்தரின் கையாள் சிட்டிபாபு ஒரு குடம் தண்ணீரைக் கலைவாணியின் தலையில் கவிழ்த்தான். அவள் நடுங்கிக்கொண்டே கிரைண்டர் முன்னால் வந்து நின்றாள். கையை நீட்டவில்லை.

"கட்டிப் புடிக்கிறேன் சாமி. முதல்ல நீங்க தொட்டுக் காட்டுங்க."

"நான் தொடாததா?" என்று சித்தர் சிரித்துக்கொண்டே கையை வைத்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

"அப்பிடி இல்ல சாமி. எங்க எல்லாரையும் செருப்ப வெளிய உடச் சொன்னீங்க. நீங்க மட்டும் ரப்பர் செருப்பு போட்டுக்கினு இருக்கீங்களே. கழட்டிட்டு ஈரத்துல நின்னு தொடுங்க."

கூட்டத்தின் பார்வை மொத்தமும் கீழே இறங்கியது. காவி வேட்டிக்கு அடியில் தடித்த நீல ரப்பர் செருப்பு.

"சித்தர் பாதம் மண்ணுல படக்கூடாது, மகளே."

"ஏன் சாமி? உங்களுக்கு அம்மா மேல பயமா?"

சித்தரின் நெற்றிக் குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. நீலாம்பாள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடை கடையாக ஏறி இறங்கிய பெண்மணி அவர். போலி ஜரிகையை எடுத்து நீட்டுகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இது அதே முகம். மகன் சுவரில் மோதிய சத்தம் மறுபடி காதில் கேட்டது.

கிரைண்டரின் ஒயர் ஒரு பட்டுத் திரைக்குப் பின்னால் போயிற்று. நீலாம்பாள் விறுவிறுவென்று நடந்து போய்த் திரையை விலக்கினார், ப்ளக்கைப் பிடுங்கினார். திரும்பி வந்து புறங்கையால் கிரைண்டரைத் தொட்டார். பிறகு உள்ளங்கையால் தட்டினார்.

"அம்மா இல்லபா. போயிட்டா" என்றார் கூட்டத்தைப் பார்த்து.

மறுபடி போய் ப்ளக்கை மாட்டினார். வந்து தொட்டார். கையை உதறினார். "தோ, வந்துட்டா!"

பிடுங்கினார். "போயிட்டா!"

மாட்டினார். "வந்துட்டா!"

கூட்டத்தில் எவனோ ஒருவன் சிரித்துவிட்டான். அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள்.

"ஏய், பீடத்த அசிங்கப்படுத்தாத!" என்று சித்தர் கத்தினார்.

"கரண்டு ஆபீசுல பில்லு கட்டலன்னா உங்கம்மா வரமாட்டாளா சாமி?" என்றார் நீலாம்பாள். "எம் புள்ள கை ஒடைஞ்சி கெடக்குது. இந்நேரத்துக்கு எம் மருமவளையும் கொன்னுட்டிருப்பேனே, பாவி!"

வரிசையிலிருந்து நீலாம்பாளின் தெருக்காரர் ராஜவேலு முன்னால் வந்தார். அவர் எலக்ட்ரீஷியன். ஆமாம், எலக்ட்ரீஷியனேதான். மனைவியின் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து தன் முறைக்காகக் காத்திருந்தவர். இப்போதுதான் தொழில் ஞாபகம் வந்தது போலும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் கிரைண்டரின் அடித்தட்டைக் கழற்றினார். கரண்ட் வருகிற ஒயரிலிருந்து ஸ்டீல் பாடிக்கு மெல்லிசாக ஒரு கம்பியை இழுத்துப் பற்றவைத்திருந்தார்கள். நடுவில் மிளகு அளவில் ஒரு சின்னச் சாமான்.

"இது கரண்ட்ட கொறச்சி உடும். அதான் சுருக்குனு மட்டும் இருக்குது. இது எரிஞ்சி ஒட்டிக்கிச்சின்னா முழு கரண்டும் பாடியில பாயும். குமாரவேலுக்கு அதான் ஆயிருக்குது" என்றார் ராஜவேலு. சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

சிட்டிபாபு பின்கதவைத் திறந்துகொண்டு ஓடப் பார்த்தான். அந்தக் கதவுக்குப் பின்னால்தான் சித்தர் சொன்ன பிணங்களையெல்லாம் அடுக்கியிருந்தார்கள். மிக்ஸி, கிரைண்டர், ஓவன் எல்லாவற்றையும் துடைத்துப் புது அட்டைப்பெட்டியில் போட்டு, வெளியூருக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தார்கள். கலைவாணி தன் மிக்ஸியைத் தேடி எடுத்தாள். ஜாரின் அடியில் அவள் அம்மா பேர் வெட்டியிருந்தது. கழுத்து உருத்திராட்சத்தைக் கழற்றி வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நழுவப் பார்த்த சித்தரை அந்த நீலச் செருப்பு காட்டிக்கொடுத்தது. யாரோ போன் போட்டு வரவழைத்த போலீஸ் ஜீப்பில் அவர் ஏறும்போதும் சில பேர் கும்பிட்டார்கள். பழக்கதோஷம்.

குமாரவேலின் கட்டைப் பிரிக்கும் முன்பே மாமியாரும் மருமகளும் கிரைண்டர் வாங்கக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பாடு திண்டாட்டம். மூன்று பின்னும் இருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கே, ரிப்பேர் என்றால் யார் வருவார்கள், ஓட்டிக் காட்டு, டெஸ்டரை வைத்துக் காட்டு என்று நீலாம்பாள் அவரை வறுத்து எடுத்துவிட்டார். "அம்மா, எல்லாரும் கலரு பார்த்து வாங்கிக்கினு போறாங்கோ" என்று அழாத குறையாகச் சொன்னார் கடைக்காரர். வீட்டு ப்ளக் பாயிண்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று ராஜவேலுவை வரவழைத்துப் பார்த்த பிறகுதான் பெட்டியையே பிரிக்க விட்டார்.

புது கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டு மஹாலட்சுமி எட்டிப் பார்த்தார். தொட்டார். ஒன்றும் சுருக்கென்கவில்லை. முகம் தொங்கிப்போயிற்று. நீலாம்பாளின் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"யக்கா, அந்த ஆளு ஃப்ராடுன்னு ஒத்துக்கறேன். திருப்புட்குழியாண்ட ஒருத்தரு வந்துக்கிறாராமே. வாஷிங் மெஷின்ல பாவத்தத் தொவைக்கிறாராம். அவரு நெஜமானவராமே?"

நீலாம்பாள் கிரைண்டரை நிறுத்தினார். கையில் ஒட்டியிருந்த மாவை வழித்துப் போட்டார்.

"மெஷினுக்குள்ள சாமி இருக்குதான்னு ஊரு ஊரா தேடினது போதும், மஹாலட்சுமி. மொதல்ல உம் மண்டைக்குள்ள மூளை இருக்குதான்னு தட்டிப் பாரு!"