அக்காவை வாசலோரம் உட்கார வைத்த நாள்

26.8.2004, வியாழக்கிழமை

காரியாபட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் தாய்மாமன் பெத்தணன் அவர்களுக்கு, உங்கள் தங்கை மாரித்தாயின் இளைய மகள் பொன்மணி வணங்கி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், இரண்டு ஆடுகள் எல்லாரும் சுகம். அக்கா சுகமா இல்லையா என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும். இதைக் கடையில் வைத்துப் பிரிக்க வேண்டாம். வீட்டுக்குள் போய்ப் படிக்கவும்.

நேற்றுக் காலை ஏழு மணிக்கு அக்காவைத் தேடிக்கொண்டு பாலகுரு அத்தான் எங்கள் வீட்டின் முன் வந்து நின்றபோது நான் முதலில் பார்த்தது அவருடைய சட்டையை. அதில் பை இல்லை. பை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் சதுரமாகக் கருநீலத்தில் தெரிந்தது. பட்டாசுக் கம்பெனியில் தீப்பெட்டியோ பீடியோ யாரும் மறந்தும் உள்ளே கொண்டுபோய்விடக் கூடாது என்பதால், போர்மேனான அவர் தன் எல்லாச் சட்டைகளிலும் பையைப் பிரித்துவிட்டாராம். கல்யாணச் சட்டையிலும் பிரித்துவிட்டாராம். இதையும் அக்கா ஒரு குற்றமாகச் சொல்லியிருந்தாள்.

மாமா, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து, அத்தான் வீட்டுப் பெரியவர்களையும் கூப்பிட்டு, அக்கா திரும்பிப் போவதா இல்லையா என்று பேசி முடிக்கப் போவதாக அப்பா சொன்னார். அந்தக் கூட்டத்தில் என்னையும் சாட்சி கேட்பார்கள் என்று அம்மா சொல்லும்போதே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எட்டாவதோடு நின்றவள் நான். பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" சொல்லக் கூச்சப்பட்டு, வகுப்பில் உட்கார்ந்துகொண்டே எத்தனையோ நாள் ஆப்சென்ட் ஆனவள். இப்போது காலண்டருக்குத் தகரம் அடிக்கும் வேலை என்பதால் அங்கேயும் பேச வேண்டியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அக்கா ஆடிக்கு வந்தவள், ஆடி முடிந்த பிறகும் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். காரணம் உங்களுக்குச் சரியாகச் சொல்லப்பட்டதா என்று தெரியவில்லை. அத்தான் குடிப்பதில்லை, அடிப்பதில்லை. ஆனால் வீட்டில் அக்காவுக்குத் தினமும் வாசலோரம்தான் பாய் விரிக்கிறாராம். விசேஷ வீட்டுப் பந்தியிலும் அவளை வாசலோரம்தான் உட்கார வைக்கிறாராம். "நான் என்ன காவலுக்குப் போன நாயா? எப்ப வெளிய தள்ளலாம்னு வாசல்லயே வச்சிருக்காரு" என்று அம்மாவிடம் சொல்லி அழுதாள். இதைக் கேள்விப்பட்ட அத்தான், சீசன் நேரத்தில் லீவு போட்டுவிட்டு வந்து, அப்பாவிடம் ஒரே ஒரு நாள் கேட்டார். "மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி ஊரச் சுத்திக் காட்டிட்டு வாரேன். அப்புறம் அவ என்ன சொல்றாளோ அதுக்குக் கட்டுப்படுதேன்" என்றார். அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். "பத்தடி தள்ளி நட. ஆனா எல்லாத்தையும் கேட்டுட்டு வா" என்றாள். பத்தடி தள்ளி நடந்துகொண்டு எல்லாவற்றையும் எப்படிக் கேட்பது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பஸ் நிற்கும் எங்கள் ஊர் விலக்கில் மூன்று மதுரை பஸ்கள் வந்தன. அத்தான் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துத் தலைகளை எண்ணினார். "எழுபத்தி ரெண்டு பேரு. வேண்டாம்" என்றார். அடுத்ததில் அறுபத்தெட்டு. கம்பெனியில் ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டமாம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் டிரைவர், கண்டக்டர் போக எங்களில் இரண்டு பேர்தான் ஏற முடியும், மூன்றாவதாக நான் இருக்கிறேன். ஒன்பது மணிக்கு ஒரு பஸ் காலியாக வந்தது. அது விருதுநகரோடு நிற்கிற பஸ். "மதுரைக்குச் சொல்லி விருதுநகரா?" என்று அக்கா கேட்டாள். "விருதுநகர்ல என்ன இல்ல?" என்றார் அத்தான். ஏறியதும் படிக்குப் பக்கத்து சீட்டில் அக்காவை உட்கார வைத்துவிட்டு, அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

விருதுநகரில் முதலில் சேலைக் கடைக்குப் போனோம். அத்தான் வாசலில் நின்றபடியே, "அண்ணாச்சி, கடைக்குப் பின்வாசல் இருக்கா?" என்று கேட்டார். அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை இறக்கி, "எதுக்குக் கேக்கீக?" என்றார். "சும்மாதான். அவசரமா ஓடணும்னா எப்பிடி ஓட?" என்றார் இவர். அதன் பிறகு நாங்கள் அங்கே இருந்த நேரம் முழுக்க இரண்டு ஆட்கள் எங்களை விட்டு நகரவில்லை. அக்கா ஒரு பூனம் சேலையைத் தொட்டாள். அத்தான் வெளியே நின்று, "பருத்தி பாரு, பருத்தி பாரு. பூனம் தீய இழுத்துக்கும்" என்றார். "கலியாணத்துக்கு எடுத்த பூனம் பூராம் பெட்டிக்குள்ளதான் கெடக்கு. அதுகளுக்காச்சும் தீபாவளி உண்டா?" என்று அக்கா கேட்டாள். கடையில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்காமல் இருக்க ஜாக்கெட் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து போட்டோ ஸ்டூடியோ. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு போட்டோகூட எடுக்கவில்லை என்பதால் அத்தானே ஆசைப்பட்டுக் கூட்டிக்கொண்டு போனார். ஸ்டூடியோக்காரர் கதவைச் சாத்தப் போனார். அத்தான் கையை வைத்துத் தடுத்தார். "சார், சாத்துனாத்தான் லைட் சரியா நிக்கும்" என்றார் ஸ்டூடியோக்காரர். "சாத்துனா நாங்க நிக்க மாட்டோம்" என்றார் அத்தான். கடைசியில் திறந்த கதவின் பக்கம் அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்து, அவர் இருட்டுப் பக்கம் நின்றுகொண்டார். ஸ்டூடியோக்காரர் தலையில் அடித்துக்கொண்டே எடுத்தார். போட்டோ அடுத்த வாரம்தான் வருமாம். அதில் அக்கா வெயிலில் பளிச்சென்று இருப்பாள், அத்தானின் பல் மட்டும் தெரியும் என்று நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் நடுவில் தெப்பக்குளத்தில் கழிந்த அரை மணி நேரத்தை நான் கட்டாயம் சொல்ல வேண்டும் மாமா. எவ்வளவு பெரிய தெப்பக்குளம், சுற்றிலும் கடைகள், வற்றல் மிளகாயும் எண்ணெயும் கலந்த வாசம். நான் இப்படி ஓர் ஊரைப் பார்த்ததே இல்லை. அங்கே கூரை கிடையாது, கதவு கிடையாது, நாலு பக்கமும் வழி. அத்தான் அங்கே வேறு ஆளாக மாறிவிட்டார். சுற்றுச்சுவரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பேசினார். வாணத்தில் பச்சை சுலபமாக வருமாம், சிவப்பும் வந்துவிடுமாம், நீலம்தான் யாருக்கும் சரியாக அமையாதாம். "பத்து வருசமாப் பாக்கேன். உன் சேலைக் கரையில இருக்கு பாரு, அந்த நீலம் மட்டும் வந்துட்டாப் போதும்" என்றார். அக்கா சேலைக் கரையைப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் மீனைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் பத்தடி தள்ளி நிற்க வேண்டியவள், அப்போது நாலடியில் நின்றேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

சாயங்காலம் பரோட்டாக் கடை. எண்ணெயில் பொரித்த பரோட்டாவை முதல் முறையாகச் சாப்பிட்டேன், அதைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். நல்ல கூட்டம். அத்தான் வாசலை ஒட்டிய பெஞ்சு காலியாகும் வரை எங்களை நிற்க வைத்து, ஓரத்தில் அக்காவை உட்கார வைத்தார். தெருப் புழுதி இலையில் விழுந்தது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"இங்கனயும் வாசலா? என்னையக் கட்டிக்கிட்டு வந்தீகளா, வாசல்ல கட்டிப்போட வந்தீகளா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டாள். அத்தான் வாய் நிறையப் பரோட்டாவோடு அப்படியே இருந்தார். எனக்கு பெஞ்சுக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது.

அப்போது பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு அம்மா சத்தமாகச் சிரித்தார். அத்தானின் கம்பெனியில் வேலை பார்க்கிற செல்லத்தாய் என்று பிறகு தெரிந்தது. வீட்டுக்காரரோடு வந்திருந்தார்.

"ஏ தாயி, நீதான் போர்மேன் வீட்டுப் பிள்ளையா? நல்லாக் கேட்ட போ. எங்க ரூம்ல நாலு பேரு. வாசலோரம் ஒரே ஒரு எடம். ஏதாச்சும் ஒண்ணுன்னா மொத ஆளா வெளிய ஓடிப் பொழைக்கிறது அந்த எடத்துக்காரிதான். அதுக்கு அம்புட்டுப் பேரும் அடிச்சுக்கிடுவோம். மாசமா இருக்கிறவளுக்குக் குடுப்பாக, புதுசா வந்தவளுக்குக் குடுப்பாக. அஞ்சு வருசமா நான் கேக்கேன். 'உனக்கு எதுக்கு, நீதான் நல்லா ஓடுவியே'ங்காக. உன் வீட்டுக்காரரு ரூமுக்குள்ள வந்தா எங்கன நிப்பாக தெரியுமா? உள்கடைசிச் செவுத்தோரம். நீ என்னடான்னா பரோட்டாக் கடையிலகூட வாசலோரத்த வாங்கிட்டு அழுதுக்கிட்டு இருக்க."

"விடுறீ, அவுக சாப்புடட்டும்" என்றார் அவருடைய வீட்டுக்காரர்.

"நீரு ஒருநாளாச்சும் என்னைய வாசலோரம் உக்கார வச்சிருக்கீரா? உமக்குக் காத்து வரணும்னு நீரே போயி உக்காந்துக்கிடுவீரு" என்று அவரைப் பிடித்துக்கொண்டார் அந்த அம்மா.

அக்கா இலையைப் பார்த்தபடியே இருந்தாள். அத்தானிடம் மெதுவாகக் கேட்டாள். "இத வாயத் தொறந்து சொன்னா என்ன?"

அத்தான் தண்ணீர் குடித்தார். "என்னன்னு சொல்ல? உனக்கு ஒண்ணு ஆயிரக் கூடாதுன்னு சொல்லணும். அந்த 'ஒண்ணு'ங்கிறதையே வாயில வரவிடக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் கேட்டதிலேயே இதைவிட நல்ல பேச்சு கிடையாது மாமா. அதற்கு அவர் எவ்வளவு சிரமப்பட்டார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே கூட்டம். அக்கா முதலில் ஏறிவிட்டதால் அத்தான் எண்ணாமலேயே ஏறினார். படிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இடம். "நீங்க உக்காருங்க" என்றாள் அக்கா. "நீ உக்காரு" என்றார் அத்தான். "தெனமும் வேலைக்குப் போறது நீங்க. நீங்கதான் வாசலோரம் உக்காரணும்." "சொன்னாக் கேளு செல்வி." அவர் அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் நேற்றுதான் கேட்டேன். கண்டக்டர், "சீட்டு வேணுமா, சண்டை வேணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே மல்லித்தழைக் கட்டோடு ஒரு ஆச்சி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு பேரும் எங்கள் விலக்கு வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்கள். ஒரே கம்பியைப் பிடித்திருந்தார்கள். அத்தான் எங்களை வீட்டில் விட்டுவிட்டு, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் தன் ஊருக்குப் போய்விட்டார்.

அதனால் மாமா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அவசியம் வந்து, கூட்டத்தில் இதையெல்லாம் நீங்களே பார்த்த மாதிரி எடுத்துச் சொல்ல வேண்டும். அத்தானைச் சத்தம் போடக் கூடாது. அக்கா அவளாக வாய் திறந்து போகிறேன் என்று சொல்ல மாட்டாள், அவளுக்கு ரோஷம் அதிகம். நீங்கள்தான் போகச் சொல்ல வேண்டும். நான் எழுதியது யாருக்கும் தெரிய வேண்டாம். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் கடையும் குடும்பமும் செழிக்க இருக்கன்குடி மாரியம்மாளை வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மருமகள்
பொன்மணி

பி.கு: இது வெள்ளிக்கிழமை எழுதுவது. மேலே நான் கேட்டபடி நீங்கள் வந்து பேச வேண்டிய தேவை இப்போது இல்லை. கூட்டமும் இல்லை. இன்று காலை கடிதத்தை ஒட்டலாம் என்று சோற்றுப் பருக்கை எடுக்கப் போனேன். அக்கா தலை சீவிப் பூ வைத்து, துணிப்பையோடு வாசலுக்கு வந்து, "நான் எங்க வீட்டுக்குப் போறேன்" என்றாள். அப்பா குறுக்கே நின்று, "பெத்தணன் வந்து பேசாம உன்னைய அனுப்புனா நாளைக்கு அவன் என் மொகத்துல முழிப்பானா?" என்று சத்தம் போட்டார். தெருவே கூடிவிட்டது. அம்மா என்னைப் பார்த்து, "கூடப் போனவ இவதான். இவ சொல்லட்டும்" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவின் பையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு விலக்கைப் பார்த்து நடந்தேன்.