மொட்டை மாடி விருந்தும் ரைஸ்மில் கரியும்

மதுரையில் சோறு போட்டே ஒரு ரைஸ்மில் முதலாளியைத் தோற்கடித்தவர் ஒரே ஒருத்தர்தான். எங்கள் தெருத் தும்பைப்பூ அண்ணன். ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. அவருடைய வேட்டி சட்டையின் வெளுப்பைப் பார்த்து யாரோ வைத்த பெயர் அது. சொந்தப் பெயரை ரேஷன் கடைக்காரர் கூப்பிட்டால்தான் உண்டு.

எழுபதுகளின் கடைசியில் தெப்பக்குளத்துக்கு அந்தண்டை புதிதாக வீடு கட்டிக் குடியேறியவர்கள் நாங்கள். தெருவுக்குப் பின்னால் ரைஸ்மில். நெல் அவிக்க உமியை எரிப்பார்கள். அந்தக் கரி முழுக்க எங்கள் மாடிகளில்தான் இறங்கும். காயப்போட்ட வடகம் கறுத்துவிடும். அண்ணன் வேட்டியை உலர்த்திவிட்டு, மாடியில் அதனடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து விசிறியால் கரியை விரட்டுவார். கரி அவரை மதித்ததே இல்லை.

மில்லுக்கே போய்ச் சண்டை போட்டார். முதலாளி அசரவில்லை.

“நான் மில்லு வைக்கும்போது சுத்தி அம்புட்டும் வயக்காடுண்ணே. நீங்கதான் வந்து வீடு வீடாக் கட்டிக்கிட்டீங்க. ஜனம் பெருத்தா நான் என்ன செய்ய?”

அதில் நியாயம் இருந்ததுதான் எங்களுக்கு எரிச்சல்.

அந்தச் சமயத்தில், எங்களுக்கு அடுத்தாற்போல் இருக்கும் வண்டியூரில் கட்டிக்கொடுத்திருந்த அண்ணன் மகளுக்கு வளைகாப்பு வந்தது. முதலாளியையும் அழைத்தார். விருந்து மொட்டை மாடியில். எல்லோருக்கும் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார். அந்தப் பந்தல் முதலாளியின் இலைக்கு முன்னால் முடிந்துவிட்டது! சாம்பார் வருவதற்குள் அவருடைய சோறு எள்ளுச்சோறாகிவிட்டது. முதலாளி மேலே பார்த்தார், எழப் பார்த்தார்.

“வளைகாப்புச் சோறு முதலாளி. பாதியில எந்திரிச்சா புள்ளத்தாச்சிக்கு ஆகாது” என்றார் அண்ணன், ரொம்பப் பணிவாக.

முதலாளி கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். அண்ணன் மறுசோறு வேறு வைத்தார்.

அடுத்த மாதமே மில்லின் புகைபோக்கி இரண்டு மடங்கு உயர்ந்தது. கரி எங்களைத் தாண்டிப் பறந்தது. தெருவே திரண்டு அண்ணனுக்கு மாலை போட்டது. கரி எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மகள் பிள்ளை பெற்று வண்டியூர் திரும்பினாள். கொஞ்ச நாளில் குழந்தைக்கு இளைப்பு வந்துவிட்டது. மூச்சு விடுவதற்கே அது படும் பாட்டைப் பார்க்க முடியாது. டாக்டர், புகையும் தூசியும் ஆகாது என்றார். அண்ணன் மகள் வீட்டு மாடியில் ஏறிப் பார்த்தார். தரையெல்லாம் உமிக்கரி. என்னையும் இழுத்துக்கொண்டு மில்லுக்கு ஓடினார்.

“முதலாளி, புகைபோக்கியப் பழையபடி இறக்கிருங்க. எங்க தெருவுலயே விழட்டும்.”

“ஏத்த வச்சதும் நீங்க, இறக்கச் சொல்றதும் நீங்களா?”

“அங்க எம் பேரன் இருக்கான்.”

“மத்த வீட்டுலயும் புள்ளைக இருக்குல்லண்ணே? எனக்குச் சோறு போடும்போது அது தெரியலையா?”

கரி விடுகிற ஆளுக்கு இந்தக் கேள்வி கேட்க என்ன யோக்கியதை என்று எனக்குக் கோபம் வந்தது.

அண்ணன் அங்கிருந்து நேராக மருமகனிடம் போனார்.

“மாப்ள, பிள்ளையத் தூக்கிக்கிட்டு நீங்க நம்ம வீட்டுக்கு வந்துருங்க. நானும் உங்க அத்தையும் இங்க இருந்துக்கிறோம்.”

“உங்களுக்குத்தான் கரியே ஆகாதே மாமா?”

“வேட்டிதான மாப்ள. தொவச்சா போயிரும்.”

வண்டியூர் போனவர், அந்தத் தெருப் பிள்ளைகளைப் பெற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு கரியை நிறுத்தச் சொல்லித் தினமும் மில் வாசலில் போய் நிற்க ஆரம்பித்தார். இங்கே குழந்தைக்கு மெல்ல மெல்ல இளைப்பு நின்றது. ஒருநாள் காலையில், பால் வர நேரமாகிவிட்டது என்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி வீறிட்டு அழுதான். முழு மூச்சு அழுகை. அதைக் கேட்க அவர் பக்கத்தில் இல்லையே என்று எனக்கு மனசே ஆறவில்லை.