ஊசல் மகான் கண்ட தொண்டைப் பேய்

ஊசல் மகான் வந்துவிட்டார் என்றதும் ஊரே தலைகால் புரியாமல் ஓடியது. வாடகை மண்டபத்து வாசலில் விடிந்தும் விடியாததுமாக வரிசை. பல்வலியா? ஊசல் சொல்லும். பரீட்சையில் தோல்வியா? ஊசல் சொல்லும். ஒரு நூலில் ஒரு பித்தளைக் குண்டு. கை ஆடினால் குண்டும் ஆடும். இந்த மாபெரும் அதிசயத்தைக் காணப் பட்டம் வாங்கியவர்கள்கூட முட்டி மோதினார்கள்.

அந்த வரிசையில் ஓர் அம்மாவும் நின்றார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணக்கில் புலி, மகான் முன்னால் பூனை. அவருடைய சின்ன மகள் நான்கு மாதமாக ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. தட்டைக் கிளறுவாள், "ஸ்கூல்லயே சாப்டுட்டேன்" என்பாள், எழுந்து போய்விடுவாள்.

இதை முதலில் கவனித்தவள் தையற்கடை வைத்திருக்கும் அக்கா. தங்கையின் சட்டையை மூன்றாவது முறையாகப் பிடித்துத் தைக்கும்போது அவளுக்குப் பகீரென்றது. "டாக்டர்கிட்ட காட்டலாம்மா" என்றாள். அம்மாவோ மகானிடம் ஓடினார்.

குண்டு தங்கையின் கழுத்தருகே கிறுகிறுவென்று சுற்றியது. "தொண்டையில பட்டினிப் பேய் உக்காந்திருக்கு. ஏழு வாரம் கூட்டிட்டு வாங்க. நடுவுல டாக்டர் வாசல மிதிச்சா, பேய் உசுரையும் சேத்து எடுத்துட்டுப் போயிடும்!" என்றார் மகான்.

அதோடு அம்மா டாக்டர் பேச்சையே எடுக்கவில்லை. மூன்று வாரம் ஓடியது. தங்கை இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறினாள்.

அக்கா ஒரு நாள் அவளைக் கடையில் உட்கார வைத்துக் கேட்டாள். திட்டவில்லை, "ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சவும் இல்லை.

"உள்ள பேய் இருக்காடி?"

"தெரியலக்கா. சாப்பாட்டப் பாத்தாலே பயமா இருக்கு. வேணும்னு பண்ணல. என்னால முடியல."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். பேய்தான் பேசுதுன்னாங்க."

அக்கா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். "சரி, அந்தப் பேயையே கூட்டிட்டுப் போவோம்" என்று தன் திட்டத்தைச் சொன்னாள். தங்கை சிரித்தேவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

மகானிடம் ஒரு சட்டம் உண்டு. நோயாளியைப் பக்கத்து அறையில் வைத்து, தலை முதல் கால் வரை கறுப்புத் துணியால் வீட்டாரே போர்த்தி, சக்கர நாற்காலியில் தள்ளிவர வேண்டும். முகம் தெரிந்தால் பேய் மகானின் கண்ணுக்குள் தாவிவிடுமாம். பாவம், அவருக்கும் பயம் இருக்காதா?

நான்காவது வாரம் அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, அக்கா நாற்காலியைத் தள்ளிவந்தாள். குண்டு சுற்றத் தொடங்கியது.

"அடேயப்பா! போன வாரத்த விட வளந்திருக்கு! எப்படி மூச்சு வாங்குது பாருங்க! ஏய், போறியா மாட்டியா?"

கூட்டம் உச்சுக் கொட்டியது. அம்மா விம்மினார்.

"நல்லா பாத்து சொல்லுங்க சாமி, எந் தங்கச்சிதானா?" என்றாள் அக்கா.

"ஊசல் பொய் சொல்லாது!"

அக்கா துணியை உருவினாள். உள்ளே, அளவு பார்க்கிற தையல் பொம்மை. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. தலைக்குப் பதிலாகக் கவிழ்த்திருந்த அலுமினியச் சட்டி கடகடவென்று உருண்டு மகானின் காலில் இடித்தது. தலையே இல்லாதவள் மூச்சு மட்டும் வாங்கியிருக்கிறாள்!

மகான் சட்டென்று பொம்மையை நோக்கி விரலை நீட்டினார். "பேய்... பொம்மைக்குள்ள தாவிடுச்சு!"

"ரொம்ப நல்லதாப் போச்சு. அப்போ எந் தங்கச்சிகிட்ட பேய் இல்ல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம்ல?"

மகான் குண்டை நூலோடு சுருட்டி மடியில் செருகினார். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அம்மா, நான் இங்க இருக்கேன்."

கணக்கு டீச்சர் பொம்மையைப் பார்த்தார், மகானைப் பார்த்தார், மகளிடம் ஓடினார். "நீதான் பேசினியாடி... நாந்தான் கேக்காம போயிட்டேன்" என்று கட்டிக்கொண்டு அழுதார்.

இது நோய், பிடிவாதமல்ல. அதட்டாதீர்கள், கூடவே இருங்கள், நாளாகும் என்றார் டாக்டர். வாரா வாரம் மூவரும் போகிறார்கள். சில நாள் சாப்பிடுகிறாள், சில நாள் அழுகிறாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வேறு கதை பேசுகிறார்.

மகான் பின்வாசல் வழியாக நழுவி அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அங்கேயும் வரிசையாம். ஐயா, அம்மா, வீட்டுப் பிள்ளை "பயமா இருக்கு" என்று சொன்னால், அதைக் கேட்கப் பித்தளைக் குண்டு எதற்கு? உங்களுக்கு இரண்டு காது இருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருப்பதாகவும் சொல்கிறார்கள். எடுத்துப் பயன்படுத்துங்கள், தேய்ந்துவிடாது!