சாலை கடத்தும் இயக்ககம்

உலகத்தில் கருணை என்பது எங்காவது அலுவலக நேரத்தில் ஒழுங்காக இயங்குகிறது என்றால், அது எங்கள் ‘பார்வையற்றோர் பாதுகாப்பு நடமாட்ட இயக்கக’த்தில்தான். மதிய இடைவேளையில்கூட நாங்கள் கருணையோடுதான் இருப்போம். கதவு மட்டும் சாத்தியிருக்கும். இயக்குநர் என்ற முறையில், தற்பெருமை இல்லாமல் சொல்கிறேன்.

அன்று எங்கள் ‘சேவை தினம்’. ஊழியர் ஒவ்வொருவரும் ஒரு பார்வையற்றவரைக் கைபிடித்துச் சாலை கடக்க வைத்து, புகைப்படம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தேன். நடைப் பயிற்சியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வும் அன்றுதான். பார்வையற்றவர்களுக்கு, வெள்ளைக் கோலை வைத்துக்கொண்டு தைரியமாகத் தனியே நடக்கக் கற்றுத்தரும் வேலை அது.

காலையிலிருந்து வாசலில் பார்வையற்றவர் ஒருவர்கூட அகப்படவில்லை. ஊழியர்கள் தவித்துப்போனார்கள். அப்போது எதிர்ப்பக்கம் பேருந்திலிருந்து ஒருவர் இறங்கினார். கோலைத் தட்டினார். வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்தார். விறுவிறுவென்று சாலையைக் கடந்து எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். யார் உதவியும் இல்லாமல்! கணக்காளர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

“ஐயையோ, தனியாவா வந்தீங்க? வாங்க, திரும்பப் போய் ஒழுங்கா வரலாம்.”

“சார், நான் இன்டர்வியூக்கு வந்தவன். பத்து மணிக்குக் கூப்பிட்டிருக்காங்க. விடுங்க.”

“இன்டர்வியூ எங்கயும் ஓடிடாது தம்பி. ஒரே ஒரு போட்டோ.”

போனார்கள், வந்தார்கள். படமெடுப்பவர் தலையில் அடித்துக்கொண்டார். “கண்ணை மூடிட்டீங்களே! இன்னொரு தடவை.” விண்ணப்பதாரர்மேல் குற்றமில்லை, அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண்ணை மூடியது கணக்காளர்.

அடுத்து தட்டச்சர் அம்மாள் முறை.

“கொஞ்சம் பயந்த மாதிரி நடங்க தம்பி. பார்த்தா நீங்கதான் என்னை இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு.”

“லாரி வருதுக்கா! அதான் இழுத்தேன்!”

“பேசாதீங்க, படத்துல வாய் கோணலா விழும்.”

“அக்கா, இப்ப இருக்கிற வேலை இந்த மாசத்தோட முடியுது. வீட்ல ரெண்டு பிள்ளைங்க. தயவுபண்ணி மேல போக விடுங்க.”

“பிள்ளைகுட்டிக்காரர் பத்திரமா இருக்க வேண்டாமா?” என்று அம்மாள் பிடியை இறுக்கினார். அவருக்குப் பின்னால் ஊழியர் வரிசை மாடிப்படி வரை நின்றது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்லவர்களை வேலைக்கு வைத்திருக்கிறேன்!

தேர்வு முடிந்து, நாற்காலிகளை அடுக்கும்போதுதான் அவர் வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். ஒரு சட்டைக் கை கிழிந்திருந்தது.

“இதான் வர்ற நேரமா?” என்றேன்.

“முன்னாடியே வந்துட்டேன் சார். உங்க ஆளுங்கதான் விடல.”

“பழி போடாதீங்க. எல்லாத்துக்கும் போட்டோ ஆதாரம் இருக்கு.” படங்களை மேசைமேல் பரப்பினேன். “ஒரு ரோட்டைக் கடக்க உங்களுக்கு இத்தனை பேர் தேவைப்படுது. நீங்க எப்படிங்க மத்தவங்களுக்குத் தனியா நடக்கச் சொல்லித் தருவீங்க?”

அவர் கோலைத் தட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

“வேலை போனா போகட்டும் சார். ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க. நான் வெளிய போறப்ப யாரும் உதவிக்கு வராம பார்த்துக்குங்க.”

நான் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. எல்லாருக்கும்தான் படம் கிடைத்துவிட்டதே. ஒருவரும் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.