பிளான் இருக்கிறது, கட்டடம் எங்கே?

கலவை ஈரமாக இருந்தது. கரண்டி அதிலேயே செருகியபடி நின்றது. பக்கத்தில் ஒரு கிளாஸில் பாதி குடித்த டீ, தொட்டுப் பார்த்தால் சூடு. சாரத்தின் மேல் யாரோ போட்டுவிட்டுப் போன துண்டு ஆடிக்கொண்டிருந்தது. ஆள்தான் இல்லை.

கட்டட ஆய்வாளர் டேப்பைக் கையில் பிடித்தபடி நாலு பக்கமும் பார்த்தார். "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டார். எதிர்வீட்டு நாய் மட்டும் பதில் சொன்னது. பெருமூச்சு விட்டு, 'வேலை நடைபெறவில்லை' என்று எழுதிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். அன்று காலையிலிருந்து போன இடத்துக்கெல்லாம் அவர் அதையேதான் எழுதியிருந்தார்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நகராட்சியில் பிளான் அனுமதிப் பிரிவில் வேலை. தங்கமான மனிதர். கை சுத்தம், வாய் சுத்தம். அடுத்தவர் காசில் ஒரு டீ குடிக்க மாட்டார். இப்படி ஓர் அதிகாரி ஊருக்கு இருந்தால் பெருமை, நம் தெருவுக்கு வந்தால் தொல்லை. பிளானில் போட்டதைவிடச் சுவர் அரை ஜாண் வெளியே வந்திருந்தாலும் இடிக்கச் சொல்லிவிடுவார். வீட்டுக்காரர் அழுதால் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஆறுதல் சொல்லி, அதற்குப் பிறகு இடிக்கச் சொல்வார். அதனால் கட்டட வேலை செய்கிறவர்கள் அவருக்கு 'அரைஜாண்' என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். தன் வீட்டுப் பக்கத்துக் காலியிடத்தில் ஒரு ரூம் கட்டத் தானே கொடுத்த பிளானைக்கூட, பக்க இடைவெளி போதாது என்று தானே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியவர் அவர். அந்தத் தபாலை வீட்டில் வாங்கிப் பிரித்த மனைவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அந்த வருடம் ஊரில் பிளான் அனுமதி எக்கச்சக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் அனுமதிக் கோடு மாதத்துக்கு மாதம் மேலே போய்க் கூரையைத் தொடப் பார்த்தது. கீழே இன்னொரு கோடு, நடந்துகொண்டிருக்கும் கட்டுமானத்துக்கானது. அது எழுந்திருக்க மனசில்லாமல் தரையில் படுத்துக் கிடந்தது. அந்தக் கோட்டுக்கு ஆய்வாளர்தான் பொறுப்பு.

தலைமைப் பொறியாளர் இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். "பிளான் இருக்கு. கட்டடம் எங்கய்யா?" என்றார்.

ஆய்வாளர் சும்மா இருந்திருக்கலாம். விதி யாரை விட்டது. கம்பி விலை, மணல் விலை, வட்டி என்று எல்லாவற்றையும் அலசி, 'கட்டுமானத் தொழிலில் கடும் மந்தநிலை' என்று ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். பொறியாளருக்கு அது பிடித்துப் போயிற்று. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுத் தானே கண்டுபிடித்ததுபோல் சொல்லிவிட்டார். செய்தி வந்த மறுநாளே மேலிடத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. மந்தநிலையில் எவன் வேலை மெனக்கெட்டுப் பிளான் போடுவான்? பொறியாளர் அந்தக் கேள்வியை அப்படியே ஆய்வாளர் தலையில் இறக்கினார்.

இத்தனைக்கும் நடுவில் ஆய்வாளருக்கு ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. மந்தநிலை என்றால் கொத்தனார்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவுக்கு ரூம் கட்டிவிடலாம்.

அப்பாதான் அவருடைய பெரிய கவலை. அந்தக் காலத்தில் ஊரறிந்த மேஸ்திரி. கலவை மிதித்த காலோடு போய் மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர், இன்ஜினியரிங்வரை படிக்க வைத்தவர். குடியிருக்கும் வீடும் அவர் கட்டியதுதான். கீழே ஒரு தையல் கடைக்கு வாடகை, மேலே குடும்பம். ஏணிபோல் செங்குத்தாக ஒரு படிக்கட்டு. இன்றைக்கு யாராவது அப்படி ஒரு பிளான் கொண்டுவந்தால் மகனே கிழித்துப் போட்டிருப்பார். குளியலறையில் வழுக்கி இடுப்பு உடைந்த நாளிலிருந்து அப்பா அந்தப் படியில் கால் வைக்கவில்லை. தினமும் சமதரையில் நடந்தே ஆகவேண்டும், இந்த மழைக்காலத்துக்குள் நடக்கவில்லை என்றால் கால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாடியில் நடக்க ஏது இடம்? பால்கனியில் நாற்காலியைப் போட்டு, தெருமுனையைப் பார்த்தபடி பகலெல்லாம் உட்கார்ந்திருந்தார் பெரியவர். பழைய கூட்டாளிகளோடு போனில் பேசுவது ஒன்றுதான் பொழுதுபோக்கு.

"எனக்கு எதுக்குப்பா ரூமு? மாடியே போதும். காத்து வருது, நாலு மனுசங்களைப் பாக்கறேன்" என்றார்.

படுத்த படுக்கையாகப் போகிற நிலையிலும் மகனுக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று நினைக்கிறாரே என்று ஆய்வாளருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே கொத்தனார்கள் கூடும் நாற்சந்திக்குப் போனார். நல்ல கூட்டம். அவர் ஸ்கூட்டரை நிறுத்தியதும் பேச்சு நின்றது. ஒரு ரூம்தான், அப்பாவுக்கு, கூலி கூடவே தருகிறேன் என்று விளக்கினார். ஒருவருக்கும் ஒழியவில்லையாம், கைநிறைய வேலையாம்.

"எந்த இடத்துல வேலை?" என்று கேட்டார். ஒருவர் வானத்தைப் பார்த்தார். இன்னொருவர் செருப்பைப் பார்த்தார். மூன்றாமவர் கொஞ்சம் யோசித்து, "வெளியூர்ல சார்" என்றார். அவர் சட்டையெல்லாம் ஈரச் சிமெண்ட்.

கடைசியில் அந்தக் கொத்தனார்களுக்கெல்லாம் தலைவரான மேஸ்திரியிடம் போனார். மேஸ்திரி பெரியவரிடம் தொழில் கற்றவர், இன்றும் வாரம் தவறாமல் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியவருக்குச் செய்யாம யாருக்கு சார் செய்யப் போறேன். கொஞ்சம் பொறுங்க" என்றார். போன மாதமும் இதையேதான் சொன்னார். ஆனால் இந்தத் தடவை கண்ணில் தண்ணீர் நின்றது. கண்ணீரைப் பார்த்த பிறகு எப்படி வற்புறுத்துவது? ஆய்வாளர் திரும்பி வந்துவிட்டார்.

வேலை இல்லை, ஆனால் வேலைக்காரர்களுக்கு ஓய்வும் இல்லை. இது என்ன கணக்கு என்று அவருக்குத் தலை சுற்றியது. எங்கேயோ ரகசியமாக ஏதோ நடக்கிறது என்று முடிவு கட்டினார். ஸ்கூட்டரை விட்டுவிட்டு பஸ்ஸில் போய்ப் பார்த்தார். தலையில் தொப்பி வைத்துக்கொண்டு நடந்து போய்ப் பார்த்தார். நிலைமை இன்னும் மோசமாயிற்று. முன்பாவது ஈரக் கலவையும் சூடான டீயும் இருந்தன, இப்போது அதுவும் இல்லை. சாரம் பிரித்து அடுக்கியிருந்தது, வாசல் பெருக்கியிருந்தது. ஓரிடத்தில் மணல் குவியலின் மேல் ஒரு பூனை சாவகாசமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

மனைவியிடம் சொல்லி ஆறலாமென்றால், "ஆபீஸ் கதையை என்கிட்ட அளக்காதீங்க" என்று அவள் முதல் வரியிலேயே நிறுத்திவிடுவாள். அப்பா அப்படியல்ல. சாயங்காலம் பக்கத்தில் உட்கார வைத்து, எங்கே போனாய், என்ன பார்த்தாய், நாளைக்கு எந்தப் பக்கம், பஸ்ஸா நடையா என்று நுணுக்கி நுணுக்கிக் கேட்பார். எல்லாம் கேட்டுவிட்டு, "காலம் கெட்டுக் கிடக்குப்பா" என்று தலையை ஆட்டுவார். பெற்றவர்போல் உண்டா என்று ஆய்வாளர் உருகிப்போவார்.

அடுத்ததாகக் காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று என்று பிடித்துக்கொண்டார். அதோடு ஊரில் நிஜமாகவே ஒரு செங்கல்லின் மேல் இன்னொரு செங்கல் ஏறவில்லை. பிளான் வாங்கியவர்கள், கெடு நீட்டித்துத் தரச் சொல்லி அலுவலகத்துக்கு வரிசையாக வர ஆரம்பித்தார்கள். பாதிச் சுவரோடு வீடு நிற்கும் ஓர் அம்மாள் ஆய்வாளரையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப இளைச்சுட்டீங்க சார். உடம்பைப் பாத்துக்க வேண்டாமா? மழை வர்றதுக்குள்ள ஒரு பத்துப் பதினஞ்சு நாள் லீவு போடுங்களேன்" என்றாள்.

பின்னால் நின்ற அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கடுமையான அதிகாரி என்று பேர் வாங்கியும் ஜனங்கள் தன்மேல் இத்தனை பாசம் வைத்திருப்பதை நினைத்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பொறியாளரிடம் அந்தப் பாசமெல்லாம் கிடையாது. மேலிடத்திலிருந்து அடுத்த வாரம் ஆட்கள் வருகிறார்கள் என்றார். அனுமதி வாங்கி, பிளான்படி, வேலை நடந்துகொண்டிருக்கிற ஒரே ஒரு கட்டடத்தையாவது கண்ணில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மாற்றல், அதுவும் கண்காணாத தூரத்துக்கு.

படி இறங்க முடியாத அப்பாவை எங்கே கூட்டிக்கொண்டு போவது? விட்டுவிட்டுத்தான் எப்படிப் போவது? யோசித்துக்கொண்டே வீடு வந்த ஆய்வாளர் பக்கத்துக் காலியிடத்தைப் பார்த்தார். இடைவெளி விட்டுத் திருத்திக் கொடுத்த பிளானுக்கு இப்போது அனுமதி இருக்கிறது. வேலையை ஆரம்பித்துவிட்டால் காட்டக் கட்டடமும் ஆச்சு, அப்பாவுக்குத் தரையும் ஆச்சு. கொத்தனார் வராவிட்டால் என்ன, நானும் மேஸ்திரி பெற்ற பிள்ளைதானே என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

படித்த கை. முதல் நாளே கொப்புளித்துவிட்டது. மனைவி முணுமுணுத்துக்கொண்டே மண் சட்டி சுமந்தாள். மறுநாள் கடப்பாரை தண்ணீர்க் குழாயில் இறங்கி, தையல் கடைக்குள் வெள்ளம் புகுந்து, யாருடைய கல்யாணத்துக்கோ தைத்து வைத்திருந்த துணியெல்லாம் நனைந்தது. தையல்காரர் வாய்க்கு வந்தபடி பேசினார். ஆய்வாளர் குழாயைத் துணியால் கட்டிவிட்டு மறுபடியும் குழிக்குள் இறங்கினார். நடுநடுவே மேலே வந்து டேப்பை வைத்து, குழி பிளானைத் தாண்டியிருக்கிறதா என்று அளந்து பார்த்துக்கொண்டார். ஓரிடத்தில் தாண்டியிருந்தது. அள்ளிய மண்ணைத் திரும்பப் போட்டு மூடினார்.

பால்கனியிலிருந்து அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"வேண்டாம்டா. விட்டுடுடா" என்றார். குரல் உடைந்திருந்தது.

"உங்க காலு தரையில படாம விடமாட்டேன்ப்பா. என்னைப் படிக்க வெச்சது எதுக்கு?" என்றார் மகன், குழிக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்து.

பெரியவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அதன் பிறகு அவர் போனை எடுத்து யாரிடமோ தணிந்த குரலில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததை மருமகள் மட்டும் பார்த்தாள்.

மறுநாள் காலையில் மேஸ்திரி வந்து நின்றார். பின்னால் கொத்தனார்கள், சித்தாள்கள், செங்கல் வண்டி, எல்லாம். ஆய்வாளருக்குக் கனவா நனவா என்று தெரியவில்லை. யாரும் சத்தமாகப் பேசவில்லை, துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல் அமைதியாகச் சாமான்களை இறக்கினார்கள். மேஸ்திரி குழியையும் அவருடைய கையையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"பெரியவர் கூப்பிட்டுட்டாரு சார். அதுக்கு மேல என்ன இருக்கு. கட்டிடலாம்" என்றார். அப்பாவைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டு வருவதாகச் சொல்லி மாடிக்கு ஏறினார். மற்ற கொத்தனார்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள்.

ஆய்வாளருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்பா இனி நடப்பார். மாற்றலும் போயிற்று. உலகத்தில் நல்லவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று நினைத்தபடி மிச்ச மண்ணை வெட்ட ஆரம்பித்தார். கிழிந்த பனியன், தலையில் துண்டு, உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை சேறு. அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு சித்தாள் பெண் சட்டியை எடுத்துக்கொண்டு குழி ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். அவரைக் குழி வெட்ட வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டாள்.

மாடியைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி அவரிடம் வருத்தமாகச் சொன்னாள்: "எல்லாரும் அழுதுக்கிட்டே போறாங்களேன்னு பாக்கறீங்களாண்ணே? இத்தனை நாளா இந்த ரூமைத் தட்டிக் கழிச்சதே அதுக்குத்தானாம். பெரியவரு மாடியை விட்டு எறங்கிட்டா, அந்த அரைஜாண் எந்தத் தெருவுக்குக் கிளம்பறான்னு மேலேருந்து பாத்து இனிமே நமக்கு யாருண்ணே போன் பண்ணிச் சொல்லுவாங்க?"