ஐந்து காரில் கேட்ட திட்டு

அன்பும் பொறுமையும் நிறைந்த பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சி புருஷன், வாடகைக் கார் ஓட்டுகிறவன், கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் காரும் சுகம். அங்கே நீங்களும், அக்காவும், கோபித்துக்கொண்டு வந்து உங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் என் சம்சாரமும் சுகமா? போன் செய்தால் அவளே எடுத்து, மூச்சை மட்டும் விட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். அந்த மூச்சிலேயே பாதித் திட்டு இருக்கிறது. அதனால்தான் நாலாம் வகுப்போடு மூட்டை கட்டிய கையெழுத்தை அவிழ்த்திருக்கிறேன். தப்பிருந்தால் என் வாத்தியாரைத் திட்டவும்.

யோசித்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள்தான் மச்சான். தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப்பெட்டி வாங்கிக் கொடுத்தீர்களே, அது பாட்டோடு நிற்காமல் பேச்சையும் பதிவு செய்யும் என்று ஏன் சொன்னீர்கள்? என் கார் கிழட்டுக் கார், அதில் இருப்பதோ வெறும் ரேடியோ. கடைக்காரர் சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையில் ஒரு கருவியைச் செருகி, பெட்டியை அதில் மாட்டினார். பெட்டியில் ஓடும் பாட்டைக் கருவி காற்றில் வீசுமாம், ரேடியோ பிடித்துக்கொள்ளுமாம். ரேடியோவில் ஒரு நம்பரை வைத்து, “இத மட்டும் தொட்டுடாதண்ணே, அப்புறம் என்னைக் கேக்காதே” என்றார். நான் சும்மா இருந்தேனா? ஸ்டாண்டு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். மற்ற நாலு டிரைவர்களும் அதே கடையில் அதே கருவியை வாங்கி, அதே நம்பரில் வைத்துக்கொண்டு, தொட்டால் கெட்டுவிடும் என்று தொடாமலே இருந்தார்கள்.

இதற்கிடையில் ஒரு காலையில் உங்கள் தங்கச்சி என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். தினமும் நடப்பதுதான். பிறகு போட்டுக் காட்டிச் சிரிக்கலாமே என்று சட்டைப் பைக்குள் இருந்த பெட்டியில் பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டேன். அதோடு மறந்தும்விட்டேன். மறுநாள் கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர் ஏறினார். ஸ்டாண்டில் ஐந்து காரும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. பாட்டு முடிந்தது. அடுத்து, “ஏன்யா, விடிஞ்சு எந்நேரமாச்சு! இன்னும் குளிக்காம எருமையாட்டம் உக்காந்திருந்தா எப்படி? போ, காது பின்னாடி நல்லாத் தேய், நாலு பேர் ஏறுற வண்டி!” என்று வந்தது பாருங்கள், பின்சீட்டுப் பெரிய மனிதர் காதைத் தடவிக்கொண்டே, “குளிச்சிட்டேம்மா” என்றார். வெளியே பார்த்தால் மற்ற நாலு காரிலும் அதே குரல்! ஒரே நம்பர் அல்லவா, என் கருவி வீசியதை அவர்கள் ரேடியோவும் பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கார் மீசைக்காரர் தன் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, வந்த சவாரியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இதுவரைக்கும் வேடிக்கைதான். மறுநாள் மத்தியானம், நான் மறந்துபோன சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவளே ஸ்டாண்டுக்கு வந்தாள். நாலு பேரும் எழுந்து நின்று ஒரே குரலில், “வாங்கக்கா! குளிச்சிட்டோம்க்கா!” என்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டேன் மச்சான். அதுதான் நான் செய்த குற்றம். தூக்கைக் கார் மேல் வைத்தாள். “ஏன்யா, என் பேச்சு உனக்கு ஊர் சிரிக்கிற வேடிக்கையாப் போச்சா? இனி ஒரு வார்த்தை உன்கிட்ட பேசுனா ஏன்னு கேளு” என்றவள், நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அந்த இடத்திலேயே அத்தனை பேர் முன்னால் பதிவை அழித்துவிட்டேன். இதைக் கட்டாயம் அவளுக்குப் படித்துக் காட்டவும். மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது. யாரும் சொல்லாமல் நானே குளிக்கிறேன், நானே சாப்பிடுகிறேன். அவள் இருந்து, மெதுவாகவே வரட்டும். சமையலறைக் குழாய்தான் ஒழுகுகிறது, அவள் தட்டினால்தான் நிற்கும்.

அக்காவுக்கு என் கும்பிடு, குட்டிகளுக்கு முத்தம், உங்கள் தொப்பைக்கு என் அன்பான ஒரு தட்டு.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி புருஷன்

பின்குறிப்பு: அழித்தேன் என்பது பொய். தினமும் காலையில் காரில் உட்கார்ந்து அதைக் கேட்டால்தான் குளிக்கக் கால் எழும்புகிறது. இன்றைக்குச் சார்ஜ் தீர்ந்து, “காது பின்னாடி” என்பதோடு நின்றுவிட்டது. மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்தப் பின்குறிப்பை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டாதீர்கள். அவள் கூடத்தில் இருக்கும்போது, கொஞ்சம் சத்தமாக, உங்களுக்கு நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.